பல் விளக்காமல் வாருங்கள்

நான் வேலை பார்த்த பல்கலைக்கழகப் பல் வைத்தியப் பிரிவிலிருந்து போன மாதம் ஓர் இளம் டொக்டர் என்னைத் தேடி வந்தார். தேயிலைத் தோட்டங்களுக்குப் போவதற்குப் புதிய வண்டி வந்திருக்கிறதாம். உள்ளேயே கரண்ட், உள்ளேயே தண்ணீர், பொத்தானை அழுத்தினால் சாய்கிற நாற்காலி. வண்டி போவதற்கு முன்னால், தொழிலாளர்கள் குடியிருக்கிற லயங்களில் ஒட்டுவதற்காக ஓர் அறிவித்தல் எழுதியிருந்தார். தமிழ் சரிதானா என்று பார்த்துத் தரச் சொன்னார்.

தமிழ் நன்றாகத்தான் இருந்தது. நான்காவது வரியில் ‘பல் துலக்கி, வாய் கொப்பளித்துவிட்டு வரவும்’ என்று போட்டிருந்தார். அந்த வரியை மட்டும் பென்சிலால் அடித்தேன்.

“எழுத்துப் பிழையாங்க?” என்று கேட்டார்.

இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, பிழைதான் என்றேன். அவர் மணிக்கூட்டைப் பார்க்காத பிள்ளை. அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை தேத்தண்ணீர் ஆறிப்போனது. அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். சில இடங்கள் எனக்கே கனவில் கண்டதுபோல இருக்கின்றன. அங்கே எப்போதும் பனி மூட்டம். அதனால் நினைவிலும் பாதி பனிதான்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்து லயத்தில் பிறந்தவன். அட்டனில் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு யார் யார் காலையோ பிடித்து அந்தப் பிரிவில் அட்டென்டனாகச் சேர்ந்தேன். முதல் வருடம் தரை துடைத்தேன். இரண்டாம் வருடம் சாமான்களைக் கொதிக்க வைக்கக் கற்றேன். மூன்றாம் வருடம், எந்தக் குறடு எந்தப் பல்லுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் படிப்பு அவ்வளவுதான். தமிழும் சிங்களமும் தெரியும் என்பதால் தோட்டத்துக்குப் போகிற வண்டியில் என்னையும் ஏற்றிவிட்டார்கள். அங்கே எனக்கு இரண்டு வேலை. ஒன்று, டோர்ச் பிடிப்பது. மற்றது, நோயாளி சொல்வதை டொக்டருக்கும் டொக்டர் சொல்வதை நோயாளிக்கும் மொழி மாற்றிச் சொல்வது. முதல் வேலையில் நான் கெட்டிக்காரன்.

ஐம்பதுகளின் கடைசி அது. அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தோட்டம். அதன் உச்சிப் பிரிவை மேக்கணக்கு என்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு விரிவுரையாளர், நான்கு மாணவர்கள், நான், ஒரு டிரைவர் என்று அங்கே போவோம். அதிகாலையில் புறப்பட்டு, அட்டனில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் ரொட்டி கட்டிக்கொண்டு, தலவாக்கலையில் திரும்பி, வளைந்து வளைந்து ஏறினால், வண்டி மேகத்துக்குள் நுழைவது தெரியும். முன்னால் பாதை இருக்கிறதா என்று டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து ஓட்டுவார். மாணவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். திடீரென்று பனி விலகும். கொழுந்துக் கூடைகள் வரிசையாகத் தெரியும். மறுபடி மூடிக்கொள்ளும்.

அங்கே எங்களுக்குத் தந்த இடம் புள்ளக்காம்பரா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற கூடம். உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலை ஏணைகள் தொங்கும். கதவோரமாக நாலைந்தை அவிழ்த்து ஒதுக்கி, வெளிச்சம் விழுகிற பக்கமாக எங்கள் மடக்கு நாற்காலியைப் போடுவோம். மற்ற ஏணைகள் எங்களைச் சுற்றி ஆடிக்கொண்டிருக்கும். பல் துளைக்கிற யந்திரம் தையல் மெஷின்போலக் காலால் மிதிப்பது. ஒரு மாணவர் மிதிப்பார், ஒருவர் துளைப்பார். அந்த ‘கிர்ர்’ சத்தத்தில் பிள்ளைகள் தூங்கிப்போகும். யந்திரம் நின்றால்தான் விழித்து அழும். அதனால் பல் இல்லாத நேரத்திலும் சும்மா மிதித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

விரிவுரையாளர் டொக்டர் ரணவீர. மெலிந்த மனிதர். சத்தமாகப் பேசி நான் கேட்டதேயில்லை. மாணவர் தப்புச் செய்தால் திட்டமாட்டார். அந்தச் சாமானைக் கையில் வாங்கி, தானே முதலிலிருந்து மெதுவாகச் செய்து காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். அதற்குத் திட்டே மேல் என்று மாணவர்கள் சொல்வார்கள்.

வாய்க் கண்ணாடியை அவர் பிடிக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். நீளப் பிடியின் நுனியில் சின்ன வட்டக் கண்ணாடி. அந்தக் குளிரில் வாய்க்குள் விட்டவுடனே மூச்சுப் பட்டு மங்கிவிடும். அதனால் ஸ்பிரிட் விளக்கில் மூன்று தடவை காட்டி, முதலில் தன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். சூடு சரியாக இருந்தால்தான் அடுத்தவர் வாய்க்குள் போகும். பிறகு கன்னத்தை உள்ளிருந்து விலக்கி, துணியால் ஈரத்தை ஒற்றி, மேலிருந்து கீழ், முன்னிருந்து பின் என்று பார்ப்பார். வெள்ளையாக எது தெரிந்தாலும் துணியால் துடைப்பார். போகாவிட்டால் உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல் வைத்து அமுக்குவார். கண்களை மூடிக்கொள்வார். “கண் பாதிதான் பார்க்கும். மீதியை விரல்தான் பார்க்க வேண்டும்” என்று சிங்களத்தில் சொல்வார். வெள்ளையோ சிவப்போ எது கண்டாலும் தன்னைக் கூப்பிட வேண்டும் என்பது மாணவர்களுக்கு அவர் போட்ட ஒரே சட்டம்.

ஆனால் வாயைத் திறந்தால்தானே பார்ப்பதற்கு? எங்கள் ஆட்களுக்குத் தோட்டத்தை ஆள்கிற துரையின் முன்னால் கை தானாக வாய்க்குப் போய்விடும். பொத்திக்கொண்டுதான் பேசுவார்கள். மூச்சுக்காற்றுக்கூடத் துரைமேல் படக்கூடாது என்று பழகியவர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் எல்லாரும் அவர்களுக்குத் துரைதான். அந்தத் துரை வாயைத் திற என்றால் எப்படித் திறப்பார்கள்? முதல் தடவை போனபோது பாதிப் பேர் பல்லிடுக்கில் விரல்கூட நுழையாத அளவுக்குத் திறந்து, கண்ணை மூடி, குற்றம் செய்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று டொக்டர் எழுந்து, கோட்டைக் கழற்றி என் கையில் தந்தார். நாற்காலியில் தானே ஏறிச் சாய்ந்து, வாயை ஆவென்று திறந்தார். “எல்லாரையும் வந்து பார்க்கச் சொல்” என்றார். நான் டோர்ச் அடித்தேன். ஒருவரும் அசையவில்லை. அப்போது ஏணைகளுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“அடியாத்தே, தொரைக்கு இந்தப் பக்கம் ரெண்டு பல்லு இல்ல. வந்து பாருங்கடி.”

கூடம் சிரித்தது. அதன் பிறகு வாய்கள் திறந்தன. ஒவ்வொரு தடவையும் டொக்டர் இந்தச் சடங்கை விடாமல் செய்தார்.

அந்தப் பெண்தான் செல்லாயி அக்கா. புள்ளக்காம்பரா ஆயா. நாற்பது வயதிருக்கும். எங்கள் சாமான்களுக்கு வெந்நீர் போடுவதும் அவர்தான். ஒரு கையால் ஏணையை ஆட்டிக்கொண்டே மறு கையால் விறகு தள்ளுவார். வாய் ஓயாது. என் கால்சட்டையைக் கண்டால் அவருக்கு ஒரே குஷி. “லயத்துல பொறந்தது, கால்சட்டையில வந்து நிக்குது. கிழிஞ்சா யாரு தச்சுத் தருவா தம்பி?” என்பார். தாலாட்டுக்குச் சொந்தமாகச் சொற்கள் கட்டுவார். எங்களைப் பார்த்த பிறகு, குறடு வந்தால் ஒளிந்துகொள் கண்ணே, ஊசி வந்தால் உறங்கிவிடு என்று ஒரு பாட்டு வந்துவிட்டது. அந்தக் குரல் பனிக்குள் போய்த் திரும்பி வரும். இன்றும் பகலில் கொஞ்சம் கண் அயர்ந்தால் முதலில் கேட்பது அதுதான்.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

அங்கே எல்லாருக்கும் ஒரு பதிவுத் தாள் உண்டு. பெயர், வயது, வெற்றிலை போடுவாரா, புகையிலை சேர்ப்பாரா என்று நான் கேட்டு எழுத வேண்டும். வெற்றிலையும் புகையிலையும் அடக்குகிற கன்னத்தில்தான் பொல்லாத நோய் வரும், அந்தக் கேள்வியைச் சாதாரணமாக எண்ணாதே என்று டொக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் கேட்பேன். வரிசையில் எல்லாப் பெண்களும் “இல்லீங்க” என்பார்கள். நானும் ‘இல்லை’ என்று எழுதுவேன். அவர்கள் எல்லாரும் போடுவார்கள் என்று எனக்குத் தெரியாதா? என் அம்மா இடுப்பில் வெற்றிலைப் பை இல்லாமல் மலைக்குப் போனதே கிடையாது. ஆனால் துரைக்கு முன்னால் வெற்றிலை வாயோடு நிற்பது மரியாதைக் குறைவு. ஆகவே நாங்கள் வருகிற அன்று காலையில் எல்லாரும் பீலிக்குப் போவார்கள். ஊற்றுத் தண்ணீர் தகரக் குழாயில் விழுகிற இடம் அது. செங்கல் பொடியும் கரியும் வைத்து, பல் கூசக் கூசத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். வாசலுக்கு வெளியே, பீலி வரைக்கும் பாதை வெற்றிலைத் துப்பலில் சிவந்து கிடக்கும். வாசலுக்கு உள்ளே ஒருவருக்கும் வெற்றிலைப் பழக்கமே கிடையாது.

அதைப் பார்த்துச் சிரிப்பேனே தவிர, டொக்டரிடம் சொன்னதில்லை. நம் ஆட்களின் மானத்தைக் காப்பாற்றுவதாக எனக்கு நினைப்பு.

ஒரு தடவை, சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டோம். தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போனேன். பனியில் முதுகைக் காட்டிக்கொண்டு செல்லாயி அக்கா நின்றார். விரலில் செங்கல் பொடியைத் தொட்டு வலது கன்னத்தின் உள்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பல்லை அல்ல, கன்னத்தை. துப்பியபோது இரத்தம் வந்தது.

“என்னக்கா இது?”

“சுண்ணாம்பு ஒட்டிக்கிட்டு வெள்ளையா நிக்குது தம்பி. எத்தன நாளா தேச்சாலும் போவமாட்டேங்குது. இன்னிக்குத் தொரை பாத்தா அசிங்கமில்ல?”

சுண்ணாம்பு எத்தனை நாளைக்குக் கன்னத்தில் ஒட்டியிருக்கும்? அது நோயின் வெள்ளை என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. தண்ணீரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று கடைசியாக, மற்றப் பெண்கள் பிடித்துத் தள்ளியதால் அவரும் நாற்காலியில் உட்கார்ந்தார். பார்த்தவர் ஒரு மாணவர். நல்ல பையன்தான், காலையிலிருந்து நின்ற களைப்பு. நான் டோர்ச் பிடித்தேன். கன்னத்தின் உள்ளே வெள்ளை எதுவும் இல்லை. செக்கச் செவேலென்று உராய்ந்து கிடந்தது. சூடாக ஏதாவது குடித்தாரா என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன். செல்லாயி அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுத்துவிடாதே என்கிற பார்வை அது.

“ஆமாங்க. தேத்தண்ணி சுட்டுருச்சு.”

சுடுதேத்தண்ணீர் பட்ட புண் என்று சிங்களத்தில் சொன்னேன். வெற்றிலை என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். சிவப்பைக் கண்டால் கூப்பிட வேண்டும் என்ற சட்டம் மாணவருக்கு நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தார். மறு மூலையில் டொக்டர் உடைந்துபோன ஒரு கடைவாய்ப் பல்லோடு மல்லாடிக்கொண்டிருந்தார். “சுட்ட புண்தானே” என்றேன் நான். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன். மாணவர் தலையை ஆட்டிவிட்டு டோர்ச்சை அணைக்கச் சொன்னார். அணைத்தேன்.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதம் வழக்கம்போலப் போனது. நான் நன்றாகத் தூங்கினேன். அதுதான் இப்போதும் உறுத்துகிறது.

அடுத்த தடவை போனபோது ஏணைகள் ஆடின, பாட்டு இல்லை. அடுப்படியில் வேறு ஒரு பெண் விறகு ஊதிக்கொண்டிருந்தாள்.

“செல்லாயி அக்கா எங்க?”

“அது மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருச்சுங்க. அதுவே வேலை போடுற கண்டாக்கையாகிட்டக் கேட்டு மாத்திக்கிட்டுப் போயிருச்சு.”

“ஏன்?”

அவள் குரலைத் தாழ்த்தினாள். “வாயில புண்ணுங்க. நாறுதுன்னு அதுக்கே தெரியுது. புள்ளைகளுக்கு ஒட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு, ஏணைப் பக்கமே வர்றதில்லங்க. யாரோடயும் பேச்சும் இல்ல.”

கொதிக்கிற தண்ணீருக்குள் குறடுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. செங்கல் பொடி, துப்பிய இரத்தம், அந்தப் பார்வை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. எனக்குப் பயம் வந்தது. வேலை போய்விடுமோ என்ற பயமும் அதில் இருந்தது, மறைப்பானேன். கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பீலியில் கண்டதையும், வெற்றிலைக் கேள்விக்கு நான் எழுதிவந்த பொய்களையும், சுட்ட புண் என்று முந்திக்கொண்டு சொன்னதையும்.

அவர் ஒரு வாய்க் கண்ணாடியை எடுத்து ஸ்பிரிட் விளக்கில் மூன்று தடவை காட்டினார். அதைத் துணியில் சுற்றி என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

“சூடு ஆறாமல் கொண்டுவா. எந்த மலை?”

கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவர் ஏறத் தொடங்கினார். நான் பின்னால் ஏறினேன். குறுக்குப் பாதை, வழுக்கல், முழங்கால்வரை ஈரம். பத்தடிக்கு முன்னால் அவருடைய முதுகு மறைவதும் தெரிவதுமாக இருந்தது. மேலே எங்கேயோ கொழுந்து கிள்ளுகிற சத்தம் கேட்டது, ஆட்களைக் காணவில்லை. எவ்வளவு நேரம் ஏறினோம் என்று எனக்குத் தெரியாது. அந்த ஏற்றம் முடியவேயில்லை என்றுகூட சில நாள் தோன்றுகிறது. கண்ணாடியை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

கங்காணி எங்களைக் கண்டு பதறினார். “நெரையில நிக்கிற ஆளுங்க தொரை, எறங்கினதும் அனுப்புறேனே” என்றார். டொக்டர் அவரை வணங்கிவிட்டு அப்பால் நடந்தார். செல்லாயி அக்கா கடைசி நிரையில் தனியாக நின்றார். எங்களைக் கண்டதும் தலையில் போட்டிருந்த கம்பளியின் நுனியை இழுத்து வாயை மூடிக்கொண்டார். மெலிந்திருந்தார். வலது கன்னம் வெளியிலிருந்தே தடித்துத் தெரிந்தது.

டொக்டர் பாதையோரக் கல்லில் உட்கார்ந்தார். அதனால் அவர் அக்காவை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. வாயை ஆவென்று திறந்து காட்டினார்.

கம்பளிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. பாதி அழுகை, பாதி சிரிப்பு.

“தொரையோட வாயத்தான் அப்பவே பாத்துட்டேனே. அதே ரெண்டு பல்லுதானே இல்ல.”

கம்பளி இறங்கியது.

பனி அடர்ந்து வாய்க்குள் ஒன்றும் தெரியவில்லை. அவசரத்தில் டோர்ச்சைக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். டொக்டர் கோபிக்கவில்லை. “வெளிச்சம் வரும்” என்று உட்கார்ந்திருந்தார். மூன்று பேரும் காத்திருந்தோம். செடிகளிலிருந்து நீர் சொட்டியது. ஒரு நேரம் மேலே பனி கிழிந்து வெள்ளை வெளிச்சம் இறங்கியது. அவர் எழுந்து என் கையிலிருந்து கண்ணாடியை வாங்கினார். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். என் கைச் சூடு இன்னும் அதில் இருந்தது. கன்னத்தை விலக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல். கண்களை மூடிக்கொண்டார். தாடைக்குக் கீழே, கழுத்தில் என்று நீண்ட நேரம் தடவிப் பார்த்தார். கண் திறந்தபோது அவர் முகத்திலிருந்து என்னால் ஒன்றும் படிக்க முடியவில்லை.

“இது கெட்ட புண். கழுத்தில் இன்னும் கட்டி இல்லை. இந்த வாரமே கண்டிக்குப் போய் வெட்டி எடுத்தால் பிழைக்க வழி உண்டு. கன்னம் பழையபடி இருக்காது. பேச்சும் பழையபடி இருக்காது. பிழைப்பார் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. நான் சொன்னதை அப்படியே சொல்” என்றார்.

அப்படியே. அந்தச் சொல்லை மட்டும் அவர் தமிழில் சொன்னார்.

செல்லாயி அக்கா என்னைப் பார்த்தார். அன்று நாற்காலியிலிருந்து பார்த்த அதே பார்வை. டொக்டர் சொன்னதை மென்று விழுங்கிவிட்டு, சின்னப் புண்தான், மருந்து போட்டால் ஆறிவிடும் என்று சொல்ல நாக்கு துடித்தது. கெட்ட சேதியைப் பூசி மெழுகிச் சொல்வதுதான் மரியாதை என்று வளர்ந்தவன் நான். ஆனால் ஒரு சொல் குறையாமல், ஒரு சொல் கூட்டாமல் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன். பீலியில் பார்த்ததைச் சொல்லாமல் மறைத்தது நான்தான் என்பதையும் சொன்னேன்.

அவர் கூடையை இறக்கி வைத்தார்.

“நாந்தானே தம்பி தேச்சேன். நாந்தானே தேத்தண்ணின்னு சொன்னேன்.” கூடையிலிருந்த கொழுந்தை அமுக்கிவிட்டார். “செத்தா சாவுறேன். எனக்குப் பாட்டு வராமப் போயிருமா?”

டொக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். தெரியாது என்றே சொன்னேன்.

“சரி. கண்டிக்கு யாரு கூட வருவா? எம் புருசனுக்கு அந்த ஊருல தெக்கும் தெரியாது, வடக்கும் தெரியாது.”

“நான் வர்றேன்க்கா.”

“பல்லு வெளக்கிட்டு வரணுமா?”

“வேணாம்” என்றேன். அந்த வேதனையிலும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

கண்டியில் வலது கன்னத்தின் உள்பாதியையும் மூன்று பற்களையும் தாடையில் ஒரு சின்னத் துண்டையும் எடுத்தார்கள். விடுமுறை கிடைத்த நாளெல்லாம் போனேன். முகம் முழுக்கக் கட்டு. பேச முடியாத செல்லாயி அக்காவை அப்போதுதான் கண்டேன். கையால் என் கால்சட்டையைக் காட்டி ஏதோ கேலி செய்வார். என்ன கேலி என்று கேட்காமலே நான் சிரிப்பேன். மூன்று மாதத்துக்கு முன்னால் என்றால் எவ்வளவு வெட்டியிருப்பார்கள் என்று ஒருநாள் டொக்டரிடம் கேட்டேன். “இதில் பாதி” என்றார். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. அதற்காகவே அவரை இன்றுவரை மதிக்கிறேன்.

பிழைத்தார். அடுத்த தடவை நாங்கள் போனபோது பனிக்குள்ளிருந்து முதலில் வந்தது பாட்டு. சொற்கள் உடைந்து குழறின. குறடு எது, ஊசி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குச் சொற்கள் எப்போதும் தேவைப்பட்டதில்லை போலிருக்கிறது.

பாட்டு வந்தது புள்ளக்காம்பராவிலிருந்து அல்ல, பீலியிலிருந்து. இடுப்பில் ஒரு பிள்ளையோடு அக்கா வழியை மறித்துக்கொண்டு நின்றார். காலடியில் செங்கல் பொடிக் குவியல். வந்த பெண்களிடமெல்லாம் பிடுங்கிக் கொட்டியது.

“ஒருத்தியும் பல்லு வெளக்கப்புடாது. போட்ட வாயோட போ. அந்தத் தொரை ஒண்ணும் நெனைக்கமாட்டாரு.” குழறல் புரியாமல் நின்றவளிடம் தன் கன்னத்தை விரலால் இழுத்து உள்ளே காட்டினார். “பாத்துக்க. நான் வெளக்கிட்டுப் போனதுக்கு இதுதான்.”

அன்று சிவந்த வாய்களோடு வந்தார்கள். வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு, துரையின் முன்னாலேயே பேசின் பாத்திரத்தில் துப்பினார்கள். என் பதிவுத் தாளில் வரிசையாக ‘ஆம்’, ‘ஆம்’, ‘ஆம்’. எனக்குக் கை வலித்தது. அன்று மட்டும் இரண்டு பெண்களின் கன்னத்தில் வெள்ளைத் திட்டைக் கண்டோம். இரண்டுமே நகக் கண்ணளவு. டொக்டர் பார்த்துவிட்டு, நாற்காலிக்குப் பின்னால் ஏணை ஆட்டிக்கொண்டிருந்த செல்லாயி அக்காவைப் பார்த்துத் தலையைக் குனிந்தார். ஒரு துரை அப்படிக் குனிந்ததை அந்தத் தோட்டம் அதற்கு முன் கண்டிருக்காது.

அந்த இளம் டொக்டரின் அறிவித்தலில் நான்காவது வரியை அடித்தது இதனால்தான். அவர் அதற்குப் பதிலாக என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

செல்லாயி அக்காவைக் கடைசியாகப் பார்த்தது அறுபதுகளின் கடைசியில். இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகிறார் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். தலவாக்கலை ஸ்டேஷனுக்கு ஓடினேன். பிளாட்பாரம் முழுக்க அழுகை. பெட்டிகள், பாய்ச் சுருட்டுகள், கட்டிப்பிடித்துக்கொண்டு விடாதவர்கள். ரயில் அசையத் தொடங்கிய பிறகுதான் ஒரு ஜன்னலில் அவரைக் கண்டேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவரும் ஏதோ சொன்னார். அந்தக் குழறலும் ரயில் சத்தமும் சேர்ந்து எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அவருக்கும் அது தெரிந்திருக்கும். பேச்சை விட்டுவிட்டார். ஜன்னல் கம்பிகளில் முகத்தை அழுத்தி, அத்தனை பேருக்கும் முன்னால் வாயை ஆவென்று திறந்து, வலது கன்னத்தை விரலால் இழுத்து எனக்குக் காட்டினார். ரயிலோடு கூடவே ஓடினேன். கையில் டோர்ச் இல்லை, பனி வேறு. ஆனாலும் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.